திருகோணமலை வீட்டுக்கு விருந்தாளி வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைக்கு மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்கள், கலியாணம் முடித்து இங்கே குடிவந்தவர்கள், வெளிநாட்டில் வளர்ந்துவிட்டு விடுமுறைக்கு வந்து நிற்கும் பிள்ளைகள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்வது ஒரு சைவக் குசினி. ஒரு பக்கம் முஸ்லிம் வீடு, மறு பக்கம் கத்தோலிக்க வீடு. அந்தச் சாய்வு பதில்களில் தெரியத்தான் செய்யும்.

விருந்தோம்பல் என்றால் நிறையச் சமைப்பதா?

வந்தவர் தயக்கமில்லாமல் கைவைக்கக்கூடியதைச் சமைப்பது. எங்கள் ஊரில் இதை விடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 அளவில், தமிழர் 30 அளவில், சிங்களவர் 27 அளவில். அதனால் வாசலில் வந்து நிற்பவருடைய சாப்பாட்டு ஒழுங்கும் நம்முடையதும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்து அடுப்பை மூட்ட முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அன்று மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. முதல் நாள் இரவே மீன் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். பக்கத்து வீட்டில் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பும் நேரம் வாரத்திலேயே நல்ல பகல் சாப்பாடு, பெரும்பாலும் இறைச்சியோடு. மற்றப் பக்கத்தில் தவக்காலமாக இருந்தால் இறைச்சி கிடையாது, ஆனால் பாரை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். மூன்று வீடும் கடவுளுக்குப் பயந்துதான் சமைக்கிறது. மூன்று வீட்டுச் சட்டியும் வேறு வேறு. யாராவது ஒருவர் மற்றவர் வீட்டுக்கு அன்று சாப்பிடப் போனால், அதிகமாகச் சமைத்து என்ன பயன்? பத்துக் கறி வைத்தாலும் தொட முடியாவிட்டால் அவர் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்.

"என்ன சாப்பிடுவீர்கள்?" என்று நேரே கேட்பது மரியாதைக் குறைவு இல்லையா?

இல்லவே இல்லை. கேட்காமல் ஊகிப்பதுதான் ஆபத்து. "இண்டைக்கு உங்களுக்கு மச்சமா, மரக்கறியா?" என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் அப்போதே கேட்கலாம். இந்தக் காலத்தில் அதுவும் ஒரு விரதம்தான். சொல்லாமல் வருபவருக்கு முதலில் தேத்தண்ணி, அது ஆறுவதற்குள் விஷயத்தை அறிந்துகொள்ளலாம்.

முஸ்லிம் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

இறைச்சி என்றால் ஹலால். கோழியை முஸ்லிம் கடையில் வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி சட்டியில் இருக்கிறது. பன்றி இறைச்சி சமைக்கும் வீடென்றால் அதற்கு உபயோகித்த பாத்திரம், வெட்டுப் பலகை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. சிலர் இதற்காகவே ஒரு புதுச் சட்டியும் அகப்பையும் வாங்கித் தனியாக வைத்திருக்கிறார்கள். நல்ல வழக்கம். அதைவிட முக்கியம், அதை விருந்தாளியிடம் சொல்லிவிடுவது. "கோழி எங்கே எடுத்தது, எந்தச் சட்டியில் வைத்தது" என்று விருந்துக்கு வந்த ராத்தா (முஸ்லிம் அக்கா) கேட்க மாட்டார். கேட்டால் நீங்கள் மனம் நோவீர்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் நீங்களே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் கடலிடம் போங்கள். மீன், இறால், கணவாய்க்கு அறுக்கிற முறை பற்றிய கேள்வியே எழாது. நல்ல கணவாய்க் கறி இருக்கும் ஊரில் கோழிக்கு ஏன் அலைகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

சின்னச் சின்னப் பொறிகளும் உண்டு. கடையில் வாங்கும் ஜெலியில் விலங்கு ஜெலற்றின் இருக்கலாம். நத்தாருக்குச் செய்யும் பழக் கேக்கில் பிராந்தி ஊற்றுவது இங்கே சாதாரணம். அதை அப்படியே பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கு அனுப்பினால் அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு முழிப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் கேக் போடும் அன்ரி பிராந்தி இல்லாத தட்டு ஒன்று தனியாகச் சுட்டு, அதைத்தான் முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுப்பார். வெட்டும் கத்தியும் வேறு.

தொழுகை நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சோற்றைப் பரிமாறினால் அவர் சாப்பாட்டையும் பார்க்க முடியாது, நேரத்தையும் விட முடியாது. தொழ ஒரு சுத்தமான பாயும், கை கால் கழுவத் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள். எந்தப் புரியாணியும் தராத மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரியும்.

சைவ விரதக்காரர் வந்தால்? மரக்கறி வைத்தால் போதும்தானே?

போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மாசித்தூள், அதாவது உலர்ந்த மாசி மீனின் தூள், காலை வாரிவிடும். கட்டைச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசி இருக்கும். கடையில் வாங்கும் சம்பலிலும் பெரும்பாலும் இருக்கும். இலைச் சுண்டலுக்குக் கூட மாசி தூவும் வீடுகள் உண்டு. அடுத்தது முட்டை: கேக், வட்டிலப்பம். பெருநாளுக்கு வரும் வட்டிலப்பத்தில் முட்டை இல்லாமல் ஒன்றும் இல்லை, எனவே கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கிறவரிடம் அதை நீட்டாதீர்கள். மற்ற நாளில் நீட்டுங்கள், நன்றாகவே சாப்பிடுவோம்.

சில வீடுகளில் மச்சம் சமைத்த சட்டியில் வைத்த மரக்கறியும் விரத நாளில் ஆகாது. அந்த அளவுக்கு இறுக்கமானவர் என்றால் பழம், இளநீர், பால் விட்ட தேத்தண்ணி போதும். வாழைப்பழத்துக்குத் தீட்டு இல்லை என்று எங்கள் அம்மம்மா சொல்வார்.

போயா தினத்தில் சிங்கள நண்பர் வீட்டுக்கு வருகிறார். பின்னேரம் சாப்பாடு வைக்கலாமா?

அவர் சில் என்ற பௌர்ணமி நாள் பௌத்த விரதம் எடுத்திருந்தால் மத்தியானத்துக்குப் பிறகு திடமாக எதுவும் சாப்பிட மாட்டார். வெறுந்தேத்தண்ணி, பால் இல்லாத பழரசம் பரவாயில்லை. காலையில் கூப்பிடுங்கள், அதுதான் சுலபம்.

விருந்தாளியைப் பற்றி மதங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன?

உபதேசங்களை விட்டுவிடுகிறேன், கதைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கதைகளில் சமையல் இருக்கிறது.

சைவத்தில் இளையான்குடி மாற நாயனார். அடியார்களுக்குச் சோறு போட்டே செல்வம் கரைந்தவர். மழை இரவில் சிவன் அடியாராக வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகல் விதைத்த நெல்லை இருட்டில் போய் வாரிக்கொண்டு வருகிறார் கணவர். விறகு இல்லை, கூரைக் கொம்பை உருவிக் கொடுக்கிறார். கொல்லையில் இருந்த முற்றாத கீரையையும் அவரே பிடுங்கிக் கொடுக்க, கறியாக்குகிறார் மனைவி. எனக்கு இதில் பிடித்தது அந்த அம்மாவின் கை. ஒரே கீரையை வகை வகையாகச் சமைத்து வைத்தார் என்று சொல்லப்படுகிறது. நாயனாரின் பெயர் நிலைத்தது, விதை நெல்லை வாரலாம் என்ற யோசனையைச் சொன்ன அந்த மனைவியின் பெயர் கதையில் இல்லை.

முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஒரே விருந்து பொதுவாக இருக்கிறது. இப்ராஹீம் நபி என்று ஒருவர் சொல்வார், ஆபிரகாம் என்று மற்றவர் சொல்வார். அறியாத ஆட்கள் வருகிறார்கள், அவர் கன்றுக்குட்டியைச் சமைக்கச் செய்கிறார். பைபிளில் அவர் "கொஞ்சம் அப்பம் கொண்டுவருகிறேன்" என்று குறைத்துச் சொல்லிவிட்டு, உள்ளே ஓடிப்போய் சாராளை மாப் பிசையச் சொல்லி, கன்றும் வெண்ணெயும் பாலும் கொண்டுவந்து வைத்து, அவர்கள் சாப்பிடும்போது மரத்தடியில் பக்கத்தில் நிற்கிறார். குர்ஆனில் அவர் வந்தவர்களுக்குத் தெரியாமல் மெதுவாக வீட்டுக்குள் போய்க் கொழுத்த கன்றைக் கொண்டுவருகிறார். அவர்கள் கைவைக்காததைக் கண்டு பயப்படுகிறார். வந்தவர்கள் வானவர்கள் என்பது பிறகு தெரிகிறது. சாப்பாட்டைத் தொடாத விருந்தாளியைக் கண்டு வீட்டுக்காரருக்கு வரும் அந்தப் பயம் இன்றைக்கும் எங்கள் குசினிகளில் இருக்கிறது.

நபிகள் நாயகம் சொன்னதாக வரும் இன்னொன்றையும் சமையல்காரர்கள் அறிந்திருக்க வேண்டும்: குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி வை, அயலாரையும் நினைத்துக்கொள் என்று தன் தோழர் அபூதர்ருக்குச் சொன்னார். இதைவிட நேரான சமையல் குறிப்பு எந்த வேதத்திலும் நான் கேட்டதில்லை.

வீட்டில் ஒன்றுமே இல்லாத நேரம் ஆள் வந்தால் என்ன செய்வது?

சொதி. தண்ணீரைக் கூட்டு என்ற அந்தச் சொல்லுக்குச் சொதியை விடப் பொருத்தமான கறி இல்லை.

நாலு பேருக்கு ஒரு தேங்காய். திருவி, கெட்டியான முதற்பாலைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலைச் சட்டியில் விட்டு, சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு போட்டுக் கொதிக்க விடுங்கள். வெங்காயம் வெந்ததும் முதற்பாலை விட்டு அகப்பையால் கிண்டிக்கொண்டே இருங்கள். நுரைத்து ஏறத் தொடங்கும்போது இறக்கிவிட வேண்டும். நன்றாகக் கொதித்தால் பால் திரைந்துபோகும். தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான். ஆள் கூடினால் மூன்றாம் பாலைக் கூட்டுங்கள், முதற்பாலைத் தொடாதீர்கள். மீன் இருந்தால் மீன் சொதி, இல்லாவிட்டால் தக்காளி அல்லது உருளைக்கிழங்கு. இதற்கு இடியப்பமோ பிட்டோ. இரண்டும் இல்லாவிட்டால் கடைப் பாண்.

மீன் போடாமல் வைத்த சொதி சைவருக்கும் ஆகும், முஸ்லிமுக்கும் ஆகும், தவக்காலத்துக் கத்தோலிக்கருக்கும் ஆகும். 2022-இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. பால்மா இல்லை, தேத்தண்ணி எல்லாம் வெறுந்தேத்தண்ணியானது. அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் விருந்து என்றால் பிட்டும் சொதியும்தான். யாரும் குறை சொன்னதாக ஞாபகம் இல்லை.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீட்டுக்குப் போகலாமா? நமக்குக் கஞ்சி கிடைக்குமா?

கிடைக்கும். நோன்புக் கஞ்சி அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, இஞ்சி, வெந்தயம், ரம்பையோடு இறைச்சியும் போட்டு வைப்பது. சில வீடுகளில் எங்களைப் போன்றவர்களுக்காக இறைச்சி போடாமல் ஒரு சிறு சட்டியில் தனியாக எடுத்து வைப்பார்கள். பள்ளிவாசலில் பகிரும் கஞ்சியை வாங்கப் பாத்திரத்தோடு நிற்கும் பிள்ளைகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

பகலில் போனால் சங்கடம் உங்களுக்குத்தான் வரும். நோன்பு பிடித்திருக்கும் உம்மா உங்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தான் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். மறுத்தால் வருத்தப்படுவார். குடித்துவிடுங்கள். ஆனால் முடிந்தால் பின்னேரம் போய், பேரீச்சம்பழத்தோடு ஒன்றாக இருந்து நோன்பு துறப்பது நல்லது. சஹனில் சேர்ந்து சாப்பிடக் கூப்பிட்டால் தயங்க வேண்டாம்: ஒரு பெரிய தட்டைச் சுற்றிப் பலர் இருந்து, அவரவர் தன் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது. நடுவில் இருக்கும் இறைச்சித் துண்டை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், கவனமாக இருங்கள்.

கோயில் அன்னதானமும் வீட்டு விருந்தும் ஒன்றா?

ஒன்றில்லை. கோணேசர் கோயில் பழைய கதையிலேயே சோறு இருக்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் கந்தளாய்க் குளத்தைக் கட்டியது கோயில் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் என்பது ஐதீகம். தம்பலகாமத்து நெல்லையும் கோயிலையும் பிரித்துப் பேச முடியாது. 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் மலைக் கோயிலை இடித்த பிறகு தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகர் கோயில் எழுந்தது. சாமி வயலோரம் போய்க் குடியிருந்தார் என்றுகூடச் சொல்லலாம். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைக்கிறோம். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், மோர், சர்க்கரைத் தண்ணீர்.

அன்னதானத்தில் யார் சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. வரிசையில் இருந்தால் இலை விழும். வீட்டு விருந்தில் யார் என்று கேட்டே ஆக வேண்டும். அவருக்காகத்தான் அந்தச் சட்டி ஏறுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வீட்டுக்கு வந்தவரைப் பந்தியில் இருத்தியதுபோல் எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"இன்னும் கொஞ்சம்" என்று எத்தனை தரம் சொல்லலாம்?

இரண்டு தரம். மூன்றாவது வேண்டாம். மறைக்கும் கையை விலக்கிவிட்டுச் சோற்றைப் போடுவதைப் பாசம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், எனக்கு அது பிடிப்பதில்லை. பிறகு மாத்திரை போடுவது அவர்தான்.

வந்தவர் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொள்கிறார். கோபிக்கலாமா?

முதலில் காரணத்தை யோசியுங்கள். விரதமாக இருக்கலாம், வருத்தமாக இருக்கலாம், சட்டியைப் பற்றிய சந்தேகமாக இருக்கலாம். இவை எல்லாம் நியாயமானவை.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பேசாமல் போனால் இந்தப் பக்கம் பொய்யாகிவிடும். சாதி பார்த்துச் சில வீடுகளில் கைநனைக்காத பழக்கமும், சிலருக்கென்று தனிக் குவளை வைத்திருந்த பழக்கமும் தமிழ் வீடுகளில் இருந்தன. எல்லாம் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நாயனார் கதையைக் கண்ணீரோடு கேட்டுவிட்டு வீட்டில் தனிக் குவளை வைத்திருந்தவர்கள் விரதம் பிடித்து என்ன கண்டார்கள் என்று தெரியவில்லை.

எப்போதும் பெண்கள்தான் சமைக்க வேண்டுமா?

ஆபிரகாம் விருந்தாளியோடு பேசிக்கொண்டிருக்கிறார், மாப் பிசைவது சாராள். மார்த்தாள் அடுப்படியில் ஓடித் திரிந்து, சகோதரி மரியாள் உதவிக்கு வரவில்லை என்று இயேசுவிடமே முறையிடுகிறாள். இயேசு மரியாளின் பக்கம் பேசினார். சரி, ஆனால் அன்றைக்கு யார் சோறு வைத்தார்கள்? பக்கத்து வீட்டு அன்ரி இந்தக் கேள்வியைக் கேட்காத தவக்காலம் இல்லை.

ஆண்கள் கோயில் கிடாரத்திலும் பள்ளிவாசல் கந்தூரிச் சட்டியிலும் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கிறார்கள், அற்புதமாகச் சமைக்கிறார்கள். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் மட்டும் தேங்காய் திருவத் தெரியாது. விருந்தாளியைக் கூப்பிட்டவர் தேங்காயைத் திருவட்டும், பாத்திரத்தைக் கழுவட்டும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சட்டம்.

செத்த வீட்டுக்கு என்ன கொண்டுபோவது?

அந்த வீட்டு அடுப்பு எரியாது, அதனால் அயல்தான் சமைக்க வேண்டும். சைவ வீடென்றால் மரக்கறிதான்: சோறு, பருப்பு, ஒரு பிரட்டல் போதும். முதலில் தேத்தண்ணிப் போத்தலும் சீனியும் கொண்டுபோங்கள். இரவிரவாக ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். முஸ்லிம் வீட்டிலும் இதே ஒழுங்கு. நபிகளின் உறவினர் ஜஃபர் இறந்தபோது அவர் குடும்பத்துக்குச் சாப்பாடு செய்யுங்கள் என்று நபிகள் சொன்னதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். எந்த வீடாக இருந்தாலும் திரும்பும்போது "போயிட்டு வாறன்" சொல்லாமல் எழும்பி வர வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதுமே செத்த வீடாகக் கிடந்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை எங்கும் ஆட்கள். அந்த நாட்களில் வந்த சோற்றுப் பார்சலை யார் வீட்டு அடுப்பில் சமைத்தது என்று யாரும் பிரித்துப் பார்த்துக் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமா?

கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி, இரண்டு தேசிக்காய், முற்றத்து முருங்கைக்கீரை. உடனே கொடுக்க வேண்டியதும் இல்லை. பொங்கலுக்குப் போன சட்டி பெருநாளைக்கு வட்டிலப்பத்தோடு திரும்பி வந்ததும் உண்டு.

மிச்சச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் சொதியைக் கட்டாதீர்கள். முதற்பால் விட்டது இங்கத்தைய வெக்கையில் பஸ்ஸிலேயே புளித்துவிடும். புளி கூட விட்ட மீன் குழம்பு தாங்கும், மறுநாள் இன்னும் ருசி. பிட்டை வாழையிலையில் கட்டுங்கள், சம்பலை வேறாக. மட்டக்களப்பு வரைக்கும் போகிறவர் என்றால் வாகரையில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கும்போதே பிரித்துவிடுவார், எனவே இரண்டு பேருக்குப் போதுமான அளவு வையுங்கள்.